வேஷம் கட்டாமல் பாடுவது

கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் லைட் மியூசிக் கச்சேரி கேட்டவர்களுக்கு இது பழகிய காட்சிதான். ஆர்கெஸ்ட்ராவில் ஒருவர் தனியாக மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு டூயட்டில் ஆண் வரியையும் பெண் வரியையும் அவரே மாறி மாறிப் பாடுவார். பெண் குரல் வரும்போதெல்லாம் விசில் பறக்கும். யாராவது மேடையேறி அவர் சட்டைப் பையில் நூறு ரூபாயைச் செருகிவிட்டுப் போவார். அதே ஆள் பாட்டை முடித்துவிட்டு, "நான் ஒரு ஆணைத்தான் காதலிக்கிறேன், அடுத்த பாட்டு அவனைப் பற்றி நானே எழுதியது" என்று சொன்னால் என்ன ஆகும்? விசில் நின்றுவிடும். கமிட்டிக்காரர்கள் மேடை ஓரத்துக்கு வந்துவிடுவார்கள்.

குரல் மாறியதில் ஊருக்கு ஒரு சங்கடமும் கிடையாது. வித்தை என்று ரசித்துக்கொண்டிருந்ததை அவர் தன் வாழ்க்கை என்று சொன்ன பிறகுதான் எல்லாம் மாறுகிறது. சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடும் க்வியர் (தன்பால் காதலர்கள், திருநர்கள் போன்றவர்களைச் சேர்த்துக் குறிக்கும் சொல்) பாப் பாடகர்கள் தமிழில் ஏன் இத்தனை அபூர்வம்? அப்படி ஒருவர் புதுச்சேரியிலோ கடலூரிலோ கிளம்பினால் அவரைத் தாங்கிக்கொள்ள இங்கே என்ன இருக்கிறது? இரண்டு கேள்விக்கும் பதிலை அந்த மேடையிலிருந்தே தேட ஆரம்பிக்கலாம்.

பால் மாறிப் பாடுவது நமக்குப் புதிதே இல்லை. தமிழ் நாடகத்துக்குப் பெரிய வாத்தியாரான சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல் காலமானது புதுச்சேரியில்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் பாட்டெழுதிப் பயிற்சி கொடுத்த பாலர் சபையில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கட்டியவர்கள் சிறுவர்கள். விழுப்புரம், கடலூர் பக்கத் தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டிய ஆண்கள் விடிய விடியப் பாடுவதை இன்றும் கேட்கலாம். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அந்த நாட்களில் எழுதிய கண்ணன் பாட்டில், கண்ணனைக் காதலனாக்கித் தான் பெண்ணாக நின்று ஏங்குகிறார். சில பக்கம் தள்ளி அதே கண்ணனைக் கண்ணம்மாவாக்கி ஆணாக நின்று உருகுகிறார். பக்திப் பாட்டில், கடவுளின் காதலியாக நின்று பாடும் நாயகி பாவம் என்று இதற்கு ஒரு நீண்ட வழியே உண்டு. அந்தப் பாவத்தைத் தன் பரதத்தின் நடுவில் வைத்து ஆடிய திருநங்கைக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 2019ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியம். அகப்பாட்டில் காதலர் யாரென்று பெயர் சுட்டக் கூடாது என்று அதில் விதி இருக்கிறது. சங்கப் புலவர்களில் எத்தனையோ ஆண்கள் தலைவியாகவும் தோழியாகவும் நின்று பாடியிருக்கிறார்கள். காதலைப் பாடு, யாருடைய காதல் என்று சொல்லாதே என்ற ஏற்பாடு இரண்டாயிரம் வருஷமாக நம்மிடம் இருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மறைவுக்குள் எத்தனை பேர் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு அந்த மரபின் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கூத்து முடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். பாட்டில் வந்த காதல் பாத்திரத்தினுடையது, பாடியவருடையது கிடையாது.

பாப் பாட்டில் அந்த நிபந்தனை செல்லாது. பாப் பாடகர் தன் பெயரில், தன் முகத்தோடு, தன் கதையைப் பாடுகிறார். கேட்பவரும் அதை அவர் கதையாகத்தான் கேட்கிறார். பாட்டில் வரும் காதலி யார் என்று ரசிகர்கள் தேடிப் பார்ப்பது அந்த இசையின் பாதி ருசி. தமிழில் நமக்கு இந்தப் பழக்கம் குறைவு. 1931ல் முதல் தமிழ்ப் பேசும்படம் வந்ததிலிருந்து நம் காதல் பாட்டு பெரும்பாலும் சினிமாவுக்குள்தான் இருக்கிறது. எழுதுபவர் ஒருவர், மெட்டுப் போடுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர். இதில் யாருடைய சொந்தக் காதலும் இல்லை. திரையில் ஒரு க்வியர் பாத்திரம் வந்து அதற்கு ஒரு நல்ல பாட்டு அமைந்தால்கூட, அதுவும் எழுதிக்கொடுத்த வேஷம்தான். தன் காதலைத் தானே பாட நினைக்கிறவருக்குச் சினிமாவுக்கு வெளியே போவதைத் தவிர வழியில்லை. சுயாதீன இசையை ஏதோ ஸ்டைலுக்காகத் தேர்ந்தெடுத்தது மாதிரி பலர் பேசுகிறார்கள். இவர்கள் விஷயத்தில் அது கட்டாயம்.

வெளியே போவது சரி. எங்கே போய் நிற்பது? இதற்கு வெளிநாட்டில் இரண்டு வழிகளைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊர், எஃகுத் தொழில் சரிந்து, ஆட்கள் குறைந்துகொண்டே போன ஊர். 1970ல் அங்கே பிறந்த ஆனி டிஃபிராங்கோ 1990ல் ரைட்டியஸ் பேப் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த லேபிளை, அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியை, ஆரம்பித்தார். அவருடைய பாட்டு பாப்பைவிட ஃபோக் பக்கம் சாய்ந்தது. ஆண், பெண் இருவர் மேலும் வந்த காதலை ஒளிக்காமல் பாடியவர். பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகவில்லை. கச்சேரி நடந்த இடத்திலேயே கேசட்டை விற்றார். பிறகு பஃபலோவில் இடிபடும் நிலையில் இருந்த ஒரு பழைய தேவாலயத்தைச் சீர்செய்து, கச்சேரி அரங்கையும் லேபிள் ஆபீஸையும் அதற்குள்ளேயே அமைத்துக்கொண்டார். ஊர் அவரை வளர்த்தது, அவர் ஊருக்கு ஒரு கூரை போட்டுக் கொடுத்தார்.

இன்னொரு வழி நார்வேயிலிருந்து. ஹார்ட்டன் என்ற சிறிய கடலோர ஊரைச் சேர்ந்த மேரி உல்வன், கேர்ள் இன் ரெட் என்ற பெயரில், பெண்களைக் காதலிப்பது பற்றிப் பாட்டெழுதித் தன் அறையிலேயே பதிவு செய்து இணையத்தில் போட்டார். கொஞ்ச நாளில் "நீ கேர்ள் இன் ரெட் கேட்பாயா?" என்று கேட்பதே, நீயும் பெண்களைக் காதலிப்பவளா என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் ஜாடையாகக் கேட்பதாக உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது வழிதான் சுலபமாகத் தெரிகிறது. ஒரு கண்டென்சர் மைக், ஒரு சவுண்ட் கார்டு, ஒரு லேப்டாப், சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலில் ஒரு ஜமுக்காளம், அவ்வளவுதான். ஆனால் இங்கே அந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் போட்ட ரீல்ஸ் முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் போவதற்கு முன்னால், உங்கள் போன் நம்பரை வைத்திருக்கிற சித்தப்பாவிடம் போய் நிற்கும். கமெண்டில் திட்டுகிறவன் ஏதோ ஒரு ஊரில் இருக்கிறான். சித்தப்பா அடுத்த தெருவில் இருக்கிறார். அந்த ராத்திரி போய்ப் படுத்துக்கொள்ள ஒரு நண்பர் வீடு வேண்டும், "அவள் எங்களோடுதான் பாடுகிறாள்" என்று வீட்டுக்கு வந்து சொல்ல நான்கு பேர் வேண்டும். உள்ளூர் இசைக்கூட்டம் என்று நான் சொல்வது இவர்களைத்தான். கடலூரிலிருந்து ஒருவர் க்வியராகப் பாடுவதற்கு முதலில் தேவைப்படுவது அந்த நான்கு பேர். கேட்கும் லட்சம் பேர் அப்புறம் வரட்டும்.

இந்தக் கரையில் அந்தக் கூட்டத்துக்கு ஆள் பஞ்சமே இல்லை. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, பாட்டும் நடனமும் கற்றுத்தருகிறது. கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறை இருக்கிறது. சர்ச் கொயர்களில், அதாவது பாடகர் குழுக்களில், பாடி வளர்ந்தவர்கள் ஏராளம். குரல்களை அடுக்கிப் பாடுவதும் கீபோர்டில் கார்டு பிடிப்பதும் பாதிப் பேருக்கு அங்கேதான் பழகியது. அதே சர்ச்சிலேயே தன் காதல் பாவம் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. பாட்டும் காயமும் ஒரே இடத்தில் கிடைத்தவர்கள் அவர்கள். லைட் மியூசிக் குழுக்களில் ரிதம் பேட் வாசிப்பவர், வேனில் ஸ்பீக்கர் ஏற்றிவரும் சவுண்ட் சர்வீஸ்காரர், இவர்களையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆரோவில் 1968ல் தொடங்கிய நாளிலிருந்து பல நாட்டு இசைக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்செஸ் இங்கே 1889லிருந்து இயங்குகிறது, அதன் மெசோன் கொலம்பானி கட்டடத்தில் கச்சேரிகள் நடக்கின்றன. 1982ல் பிரான்சில் ஆரம்பித்த ஃபெத் த லா மியூசிக் என்ற இசைத் திருவிழா, ஜூன் 21ஐ ஒட்டிப் புதுச்சேரித் தெருக்களிலும் நடக்கிறது.

இருந்தும் இந்த ஊருக்குள் ஒரு கோடு இருக்கிறது. பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே ஒயிட் டவுன், மேற்கே தமிழர் பகுதி. ஒயிட் டவுன் கஃபேயில் கிதாரோடு ஒருவர் ஆங்கிலத்தில் க்வியர் காதல் பாட்டுப் பாடினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வாரக் கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் கைதட்டுவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தக் கைதட்டலை நான் மதிக்கிறேன். ஆனால் அது பாடகருக்கு ஊரைத் தராது. அவர் முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ நெல்லிக்குப்பத்திலோ இருக்கிறவர். அங்கே அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆங்கிலப் பாட்டு புரியாது. புரியாது என்பதால்தான் அதை அவரால் பாட முடிகிறது. அதாவது ஆங்கிலமும் ஒரு வேஷமாகிவிடுகிறது. ரெஸ்ட்ரோ பார்கள் பெருகிய பிறகு லைவ் மியூசிக் வேலை கூடியிருக்கிறது. அங்கே கேட்பதும் தெரிந்த சினிமா ஹிட்களின் கவர்களைத்தான். சொந்தப் பாட்டுக்கு ஒரு இரவில் ஒன்றிரண்டு இடம் கிடைத்தால் பெரிது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி என்ற 2000ஆம் ஆண்டு விதி வேறு இருக்கிறது. சொந்தப் பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் மணி அதை விழுங்கிவிடும்.

சட்டத்திலும் இந்தக் கரைக்கு ஒரு விசித்திரமான கதை உண்டு. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு 1860ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்தது. ஆங்கிலேயர் ஆண்ட கடலூருக்கு அது பொருந்தியது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குற்றத்தை 1791லேயே தங்கள் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். இந்திய தண்டனைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது 1963ல். ஏறக்குறைய நூறு வருஷம், இரண்டு ஊருக்கும் எல்லையான முள்ளோடைக்குத் தெற்கே இருந்த அந்தப் பிரிவு வடக்கே இல்லை. இதனால் புதுச்சேரிக்காரர்கள் சுதந்திரமாகக் காதலித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சட்டம் சும்மா இருந்தாலும் வீடு சும்மா இருக்காது. 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் விஷத்தை எடுத்த பிறகும், 2024ல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லாமல் போன பிறகும், வீட்டு நிலவரம் அதே வேகத்தில் மாறவில்லை.

பாடகர்களைப் பொறுத்தவரை நடைமுறையில் அதிகம் உதவுவது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 உத்தரவு என்பது என் கணிப்பு. சேர்ந்து வாழ வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தாலும், இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்றது. ஒரு காணவில்லை புகார் ஒரு இசைக்குழுவையே கலைத்துவிடும் என்பது இதில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2025ல் அதே நீதிமன்றம், கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழி என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட உறவுகளும் குடும்பம்தான் என்று சொன்னது. கல்யாண உரிமையை உச்ச நீதிமன்றம் 2023ல் தராமல் விட்டுவிட்ட நிலையில் இது பெரிய வார்த்தை. புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னையில்தான்.

இனி கூத்தாண்டவர். இதைத் தொடாமல் இந்தப் பகுதியில் க்வியர் பாட்டைப் பற்றிப் பேச முடியாது. சித்திரையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் திருநங்கைகள் கூடி, கூத்தாண்டவர் என்று கும்பிடும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து அழுகிறார்கள். புதுச்சேரிப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் சிதம்பரம் பக்கம் கொத்தட்டையிலும் கூத்தாண்டவர் கோயில்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் கும்மியும் கொண்டாட்டமும் ஒப்பாரியுமாக நடக்கும் பாட்டைச் சேர்த்துப் பார்த்தால், இந்த ஊர்களின் மிகப் பழைய க்வியர் இசைக்கூட்டம் அதுதான். யாரும் அட்வான்ஸ் கொடுத்துக் கூப்பிடாமலே வருஷா வருஷம் கூடுகிற கூட்டம்.

அங்கேயும் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருநங்கைக்கு ஊர் ஒரு சடங்கு இடத்தைக் கொடுத்திருக்கிறது. இரண்டு பெண்கள் காதலித்தால் அதற்குக் கோயிலும் இல்லை, கதையும் இல்லை. ஆணைக் காதலிக்கும் ஆண், ஆணாகவே இருந்துகொண்டு பாட வேண்டுமென்றால் அவனுக்கும் இல்லை. ஆணாக வாழும் திருநர்களான திருநம்பிகளைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததே ரொம்பக் கொஞ்சம். திருநங்கைக்குக் கொடுத்த இடமும் ஒரு வகையில் அடைப்புதான். அவர் ஆசீர்வாதம் செய்யலாம், கரகம் ஆடலாம். மெலடி பாப் எழுதி, பக்கத்து வீட்டுக்காரரைக் காதலிப்பது பற்றிப் பாடினால் ஊருக்கு எங்கே வைத்துக் கேட்பதென்று தெரியாது. இதனால்தான் எல்லாரையும் ஒரே பெட்டியில் போட்டு "க்வியர் இசை" என்று கட்டுரை எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொருவருக்கும் கதவு வேறு, பூட்டு வேறு.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நல்ல செய்தி குறைவு. பாட்டை ஆப்களில் ஏற்ற ஒரு டிஸ்ட்ரிப்யூட்டருக்குக் கட்டணம் கட்டினால் போதும், லேபிள் தேவையில்லை. ஆனால் ஸ்பாட்டிஃபையில் 2024லிருந்து ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குக் காசு. தாண்டினாலும், சந்தாப் பணம் பெரும்பாலான ஆப்களில் ஒரே பானையில் விழுந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கில்தான் பிரிகிறது. உங்கள் பாட்டை மட்டும் நாள் முழுக்கக் கேட்கிற ஒரு ரசிகையின் சந்தாவும் பெரும்பாலும் சினிமா ஹிட்களுக்குத்தான் போய்ச் சேரும். சவுண்ட்கிளவுட் 2021ல் இதை மாற்றி, ஒரு ரசிகரின் பணம் அவர் கேட்கும் பாடகருக்கே போகும் முறையைக் கொண்டுவந்தது. சின்னக் கூட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது நியாயமான முறை. பாட்டெழுதி மெட்டும் போடுபவர்கள், அவர்களுக்கான உரிமைத் தொகையை வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிவிடுவது நல்லது. பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமைத் தொகையை எழுதி வாங்கிப் பறிக்க முடியாது என்று 2012ல் பதிப்புரிமைச் சட்டம் திருந்தியது. இதையெல்லாம் செய்தாலும் வாடகை வருவது நேரடிக் கச்சேரியிலிருந்துதான். ஃபெத் த லா மியூசிக் அழகான நாள். ஆனால் அன்று எல்லாரும் இலவசமாகத்தான் வாசிக்கிறார்கள்.

மேடை எப்படி உருவாகும் என்பதற்குத் தமிழிலேயே சமீபத்திய உதாரணம் உண்டு. 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. கானாவும் பறையும் ராப்பும் கலந்து, சாதியைப் பெயர் சொல்லி எதிர்த்த பாட்டுகள். 2020லிருந்து நீலம் பண்பாட்டு மையம் மார்கழியில் மக்களிசையை நடத்துகிறது. சபாக்கள் தராத மார்கழி மேடையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அந்தப் பாடகர்கள் அதற்கு முன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள், சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும். மேடையில் விளக்குப் போட்டு, போஸ்டரில் பெயர் அச்சடித்து, சம்பளம் கொடுத்ததும், அது அவர்கள் கலை என்று ஊர் பேச ஆரம்பித்தது.

புதுச்சேரிக் கரையிலும் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கொயரில் கார்டு கற்ற பையன், இசைத்துறையில் வாய்ப்பாட்டுப் படித்த பெண், பிள்ளையார்குப்பத்தில் கும்மி எடுத்துக்கொடுக்கும் அக்கா, இவர்கள் ஒருவரையொருவர் எங்கோ ஒரு சவுண்ட் செக்கில் பார்த்திருப்பார்கள். தமிழில், சொந்தப் பாட்டை, சொந்தப் பெயரில் பாட இவர்களைக் கூப்பிட்டு அட்வான்ஸ் கையில் கொடுக்கிற ஒரு ஆள் வேண்டும். அந்தக் கூப்பிடுதல் ஒயிட் டவுனிலிருந்து வந்தாலும் சந்தோஷம்தான். வாய்க்காலுக்கு மேற்கேயிருந்தோ கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கமிருந்தோ வந்தால் அதைவிடச் சந்தோஷம், ஏனென்றால் அங்கே முன்வரிசையில் அந்தச் சித்தப்பாவும் உட்கார்ந்திருப்பார்.